வெறுங்கை

ஜூன் 4

என் சுண்டெலிக்கு,

அம்மா எழுதுவது. நான் நல்லா இருக்கிறேன். நீயும் உள்ளே இருக்கிற குட்டிச் சுண்டெலியும் எப்படி இருக்கிறீர்கள் என்று எழுது. எழுத்துப் பிழையைப் பார்த்துச் சிரிக்காதே. நாலாம் வகுப்போடு நின்றவள் இவ்வளவு எழுதுவதே பெரிய விஷயம்.

இங்கே ஒரு கூத்து நடந்திருக்கிறது. முதலில் நீ உட்கார்ந்துகொள். மறந்துவிட்டேன், டாக்டர் உன்னைப் படுக்கவே சொல்லியிருக்கிறார். சரி, சாய்ந்துகொண்டு படி.

நான் கூட்டித் துடைக்கிற கடை உனக்குத் தெரியும். பழைய காலத்து வைர நகை மட்டும் விற்கிற கடை. விளம்பரத்துக்கு ஒரு படம் வேண்டுமென்று முதலாளி ஒரு போட்டோக்காரரை வரவழைத்தார். படத்துக்கு எடுத்து வைத்தது ஒரு மோதிரம். மேலே ஒரு கல் வைத்து கீழே வெறும் பொன்னாக விடுகிற மோதிரம் இல்லை. விரலைச் சுற்றி முழு வட்டமும் வைரம். எந்தக் காலத்திலோ எவனோ ஒருத்தன் தன் பெண்டாட்டிக்குச் செய்து போட்டது.

முதலில் முதலாளியம்மா போட்டுக்கொண்டார்கள். அவர்கள் கை வெண்ணெய் மாதிரி. போட்டோக்காரர் உதட்டைப் பிதுக்கினார்.

"கை நல்லாதாங்க இருக்கு. மோதிரந்தான் டூப்ளிகேட் மாதிரி தெரியுது."

நான் அந்த நேரம் அவர் காலடியில் தரை துடைத்துக்கொண்டிருந்தேன். "அந்தக் கையைக் கொஞ்சம் காட்டுங்கம்மா" என்றார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. இத்தனை வயசுக்கு மேல் ஒரு ஆம்பிளை கையைக் காட்டச் சொல்கிறான் பார். வெடிப்பும் நரம்புமாக இருக்கிற என் கையில் முதலாளி தானே மோதிரத்தைத் தள்ளினார். சோப்புத் தண்ணீர்க் கை, வழுக்கிக்கொண்டு போய் உட்கார்ந்துவிட்டது. படம் எடுத்தார்கள். போட்டோக்காரர் ரொம்ப நேரம் கையையே பார்த்தார். "இப்பதாங்க இது வைரம்" என்றார்.

பிறகு கழற்றப் போனால் வரவில்லை. சோப்பு போட்டாச்சு, எண்ணெய் போட்டாச்சு, நூல் சுற்றியாச்சு. இழுக்க இழுக்க விரல் வீங்கி, மோதிரம் இருக்கிற இடமே தெரியாமல் போனது. "வீக்கம் வடியட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்று முதலாளி சொல்லிவிட்டார்.

நீ கவலைப்படாதே. ஆகஸ்டில்தானே உனக்கு. ஜூலை முடிவதற்குள் வந்துவிடுவேன், சொன்னால் சொன்னதுதான். போன தடவை உன் வாசலில் நான் நின்றபோது சம்பந்தி அம்மா "வெறுங்கையோட வந்து நிக்கிறாங்க" என்றார்களே, இந்தத் தடவை கையில் வைரத்தோடு வருகிறேன் என்று சொல். வேண்டாம், சொல்லாதே. நான் வந்தே சொல்கிறேன், முகத்தைப் பார்க்க வேண்டும்.

அம்மா


ஜூன் 12

அம்மாவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நீ எதையும் சிரிப்பாக எழுதுவதால், அதில் எது நடந்தது, எது நீ கட்டியது என்று எனக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை.

எனக்கு ரத்த அழுத்தம் இன்னும் குறையவில்லை. மாடிப் படியில் இறங்கக்கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் சுவர்தான். அந்தச் சுவரில் எத்தனை விரிசல், எது எங்கே போய்ச் சேருகிறது என்பதெல்லாம் எனக்கு இப்போது அத்துப்படி. நான் கூப்பிட்டால் கீழே கேட்காது என்று அத்தை அறைக் கதவை மூடவே விடுவதில்லை. அதனால் அழுகை வந்தால்கூடத் தலையணையைத் தேட வேண்டியிருக்கிறது. உன் மாப்பிள்ளை கப்பல் வேலையில் இருக்கிறார். குழந்தை பிறந்த பிறகுதான் கரைக்கு வர முடியுமாம்.

போன தடவை நீ வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. துணியில் சுற்றிக் கொண்டுபோய்விட்டார்கள். நீ பார்க்கவில்லை. நான் மட்டும்தான் பார்த்தேன். அதைப் பற்றி நாம் பேசியதே இல்லை, இப்போதும் பேச வேண்டாம். இந்தத் தடவை நீ முன்னாலேயே வந்துவிட வேண்டும், அவ்வளவுதான்.

மோதிரம் மாட்டிக்கொண்டது என்றால் வெட்டி எடுக்கச் சொல். அதற்கு ஏன் இவ்வளவு பெரிய கதை?

உன் மகள்


ஜூன் 20

என் கோபக்காரச் சுண்டெலிக்கு,

வெட்டச் சொல் என்று ஒரு வரியில் எழுதிவிட்டாய். நானும் அதையேதான் கேட்டேன். முதலாளி நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். அவரைத்தான் வெட்டச் சொன்ன மாதிரி.

"சுத்தி முழுக்கக் கல்லு இருக்கும்மா. எந்த இடத்துல வெட்டுவே? ரெண்டு கல்லு உதிரும். அந்த மாதிரி கல்லை இன்னிக்கு எவன் தீட்டுறான்? ஜோடி தேடி எங்க போவேன்? முழுசா இருந்தாதான் இது மோதிரம். வெட்டி ஒட்டினா வெறும் கல்லும் பொன்னும்."

அவர் சொல்வதில் பொய் இல்லை. இத்தனை நாள் துடைத்திருக்கிறேனே தவிர நான் இவற்றைப் பார்த்ததில்லை. இப்போது வேறு வேலை இல்லை, பார்த்துக்கொண்டே இருக்கிறேன். மோதிரத்தின் விளிம்பில் கடுகைவிடச் சின்னதாக மணி மணியாக ஒரு வரிசை. கையால் செய்ததாம். கல்லெல்லாம் மெஷின் வருவதற்கு முன்னால் கண்ணால் பார்த்துப் பட்டை தீட்டியவை. ஒன்று கொஞ்சம் சதுரம், ஒன்று கொஞ்சம் உருண்டை, ஒன்று லேசாக மஞ்சள். மேலிருந்து பார்த்தால் நடுவில் குட்டியாக ஒரு வட்டம் தெரியும், அடிமுனையைக் கூராக விடாமல் சீவிவிடுவார்களாம். டியூப் லைட்டில் எல்லாம் தூங்குகிறது. மஞ்சள் பல்புப் பக்கம் கையைக் கொண்டுபோனால் போதும், சிவப்பும் நீலமுமாகப் பெரிய பெரிய பொறி. எதிர்க்கடையில் புது வைரம் இருக்கிறது, அது எந்நேரமும் வெள்ளையாகப் பளபளக்கும். எனக்கு என்ன தோன்றுகிறது தெரியுமா? அது பல்செட் மாட்டினவன் சிரிக்கிற மாதிரி. இது சொந்தப் பல் சிரிப்பு, ஒரு பல் முன்னே ஒரு பல் பின்னே, ஆனால் மனசார.

பேப்பரில் படம் வந்துவிட்டது. கை மட்டும்தான். முகத்தைப் போட்டிருந்தால் இன்னும் கூட்டம் வந்திருக்கும் என்று முதலாளியிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. ஆனால் படம் பார்த்துவிட்டு ஆட்கள் வருகிறார்கள். ஈ ஓட்டின கடையில் நாற்காலி போதவில்லை. என்னை ஷோகேஸ் பின்னால் உட்காரவைத்து, வெல்வெட் மெத்தையில் கையை வைக்கச் சொல்லி, மேலே ஒரு மஞ்சள் பல்பு போட்டிருக்கிறார். துடைப்பத்தைத் தொடவே விடுவதில்லை. முதலாளியம்மா வேளாவேளைக்குச் சாப்பாடு, சாயங்காலம் ஆனால் ஒரு தட்டு உப்புக் கடலை. முதலாளியும் கடைக்கு வந்ததும் அதில்தான் கையை விடுவார். கடலையைப் பார்த்துவிட்டால் அவர் வைரத்தையே மறந்துவிடுவார்.

மறதி என்றதும் ஞாபகம் வருகிறது. கையில் மோதிரத்தை வைத்திருக்கும்போது வேறு வேலை வந்துவிட்டால், கீழே வைத்தால் தொலையும் என்று தன் சுண்டுவிரல் நுனியில் மாட்டிக்கொள்வார். நேற்று அப்படி ஒரு மோதிரத்தை மாட்டிக்கொண்டு கடை முழுக்க அதையே தேடினார். முதலாளியம்மாவைத் திட்டினார், காவல்காரரைத் திட்டினார். நான் மெத்தையிலிருந்து கையை எடுக்காமல், "உங்க சுண்டுவிரல் ஏன் மொதலாளி மினுக்குது?" என்றேன்.

ராத்திரிக்குக் கடையின் பின்னறையிலேயே படுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார், தெருவில் போகும்போது யாராவது விரலோடு அறுத்துக்கொண்டு போய்விடுவார்களாம். அறை நல்ல அறைதான். ஜன்னலுக்குக் கம்பி உண்டு.

அம்மா


ஜூன் 28

அம்மாவுக்கு,

உன் கடிதத்தில் வைரத்தைப் பற்றி அரைப் பக்கம் இருக்கிறது. எப்போது வருகிறாய் என்பது பற்றி ஒரு வரி இல்லை.

நான் நேராகவே கேட்கிறேன். நீ இங்கே வர விரும்பவில்லையா? அத்தை சொன்ன அந்த ஒரு வார்த்தைக்காகவா? அவரிடம் மோதிரக் கதையைச் சொல்லாதே என்றாயே, நான் சொல்லவில்லை. ஆனால் கடிதத்தை அவரே எடுத்துப் படித்துவிட்டார். படித்துவிட்டு, "உங்கம்மாவுக்கு நல்ல சாக்கு கெடைச்சிருக்கு, வைரத்துல சாக்கு" என்றார். உன்னைப்போல உடனே திருப்பிக் கொடுக்க எனக்கு வராது.

உன்னைக் கடையில் உட்காரவைத்துச் சோறு போடுகிறார்கள், கடலை கொடுக்கிறார்கள், பல்பு போடுகிறார்கள். நீ சந்தோஷமாக இருப்பது போலத்தான் எனக்குப் படிக்கும்போது தோன்றுகிறது. இங்கே என் காலைப் பார்த்தால் உன் காலா என் காலா என்று கேட்பாய், அவ்வளவு வீக்கம். எழுந்து நின்றால் தலை சுற்றுகிறது.

முதலாளியிடம் போய், "என் மகளுக்குப் பிரசவம், நான் போக வேண்டும்" என்று ஒரே ஒரு தடவை சிரிக்காமல் சொல்லிப் பார். முடிந்தால்.

உன் மகள்


ஜூலை 5

என் கண்ணுக்கு,

சிரிக்காமல் சொல்லச் சொன்னாய். சொன்னேன்.

உன் கடிதத்தை என்னிடம் கொடுப்பதற்கு முன்னாலேயே முதலாளி பிரித்துப் படித்திருந்தார். அதனால் நான் வாயைத் திறந்ததும், "தெரியும், தெரியும்" என்றார். வெளியூரிலிருந்து ஒரு அம்மாள் வரப் போகிறாராம். பழைய நகையாகத் தேடித் தேடி வாங்குகிறவர். படத்தைப் பார்த்துவிட்டு, அந்த மோதிரத்தை அதே கையில் பார்க்க வேண்டும் என்று எழுதியிருக்கிறார். ஆகஸ்டு முதல் வாரம் வருகிறார். "அதுவரைக்கும் நீ இங்கதான்" என்றார்.

"எம் பொண்ணுக்கு அந்த மாசந்தான் மொதலாளி."

"பிள்ளை பொறக்கிறதுக்கு நீ எதுக்கு? டாக்டரு இருக்காங்க."

"அப்ப கையை மட்டும் இங்க வெச்சுட்டுப் போறேன்."

இதற்குக்கூட அவர் சிரிக்கவில்லை, சுண்டெலி. எழுந்து போய் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு வந்து மெதுவாகச் சொன்னார். "மோதிரத்தோட நீ வாசப்படி தாண்டினா அது திருட்டு. நான் சும்மா இருக்க மாட்டேன். போலீசுக்கு எழுதிக் குடுத்துட்டா, உம் பொண்ணு பிரசவத்துக்கு இல்ல, பேரன் கல்யாணத்துக்குக்கூட நீ போக முடியாது."

மோதிரத்தைக் கழற்றிவிட்டுப் போகலாம். கழலாது. வெட்டிவிட்டுப் போகலாம். வெட்ட விட மாட்டார். அப்படியே போகலாம். போனால் திருடி. மூன்று கதவு இருக்கிறது, மூன்றும் பூட்டு. இருட்டினதும் வெளியே பூட்டிக்கொண்டு போகிறார்கள். கடை போனுக்கும் டயலில் ஒரு குட்டிப் பூட்டு, வெளியிலிருந்து வந்தால் எடுக்கலாம், இங்கிருந்து பேச முடியாது. பகலில் கையை மெத்தையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் வருகிறவர்கள் கையைப் பார்த்துப் பேசுகிறார்கள், கையைப் பார்த்துச் சிரிக்கிறார்கள், கையிடம் சொல்லிக்கொண்டு போகிறார்கள். மேலே ஒருத்தி இருப்பது யாருக்கும் தெரியவில்லை. நேற்று ஒரு குழந்தை மட்டும் நிமிர்ந்து பார்த்து, "இந்தப் பாட்டி உயிரோட இருக்காங்க" என்றது. நான் நாக்கைத் துருத்திக் காட்டினேன். அவ்வளவுதான் இந்த வாரத்துச் சிரிப்பு.

நான் சந்தோஷமாக இருப்பதாக எழுதியிருந்தாய். நீ படுத்திருக்கிற நேரத்தில் உனக்கு அழுகை மூட்டி ஒரு கடிதம் எழுதுவதற்கு எனக்கு வரவில்லை. அதுதான் விஷயம். சம்பந்தி அம்மா சொன்ன வார்த்தைக்கெல்லாம் நான் கோபித்துக்கொண்டு உட்கார்கிற ஆளா? அதை வைத்து நான் அவர்களை இன்னும் பத்து வருஷம் கேலி செய்யலாம் என்று இருக்கிறேன்.

இனிமேல் கடை முகவரிக்கு எழுதாதே. கீழே எழுதியிருப்பது காவல்காரர் வீட்டு முகவரி. இதையும் அவர்தான் தபாலில் போடுகிறார், நல்ல மனுஷர். கடைப் பூட்டுக்கு அவரிடம் சாவி இல்லை, அது ஒன்றுதான் குறை.

அம்மா


ஜூலை 11

மகளுக்கு,

நலம். நலமறிய ஆவல். இங்கு எனக்கு எல்லா வசதிகளும் செய்து தரப்பட்டுள்ளன. முதலாளி குடும்பத்தினர் என்னைத் தங்கள் உறவினர் போல நடத்துகிறார்கள். முக்கியமான பணி இருப்பதால் என்னால் தற்போது வர இயலாது. உன் மாமியார் உன்னை நன்கு கவனித்துக்கொள்வார். கடை விஷயங்களைப் பற்றி வெளியில் பேச வேண்டாம்.

இப்படிக்கு,
அம்மா


ஜூலை 16

அம்மா,

கடையிலிருந்து ஒரு கடிதம் வந்தது. எழுத்து உன்னுடையதுதான். ஆனால் அதில் ஒரு பிழைகூட இல்லை. ஒரு கேலி இல்லை. நான் சுண்டெலியாக இல்லை. அதைப் படித்த பிறகுதான் எனக்கு உன் மற்றக் கடிதம் எல்லாம் உண்மை என்று உறைத்தது. நான் எழுதியதை மனதில் வைத்துக்கொள்ளாதே.

அதை அத்தையிடம் காட்டினேன். அவர் கண்ணாடி போட்டுக்கொண்டு ரெண்டு தடவை படித்தார். "இது உங்கம்மா எழுதினது இல்லையே. அந்தப் பொம்பளை 'இயலாது'ன்னெல்லாம் எழுதுவாளா? யாரோ பக்கத்துல நிக்கிறாங்க" என்றார். அன்றிலிருந்து உன்னைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை. சாயங்காலம் தபால்காரன் வருகிற நேரத்துக்கு வாசலில் போய் நிற்கிறார்.

இன்னொன்று. நேற்று ஆஸ்பத்திரியில் என் கல்யாண மோதிரத்தை வெட்டிவிட்டார்கள். விரல் வீங்கி நீலமாகிவிட்டது. நர்ஸ் மேஜை இழுப்பறையிலிருந்து டப்பா திறக்கிற சாமான் மாதிரி ஒன்றை எடுத்தார். ஒரு குட்டிச் சக்கரம், ஒரு பிடி. திருகினார், டக் என்றது. நான் அழுவேன் என்று நினைத்தேன். மூச்சு விட்டேன். "மோதிரத்தை ஒட்டிக்கலாம்மா, வெரல ஒட்ட முடியாது" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைப் பார்க்கப் போய்விட்டார்.

டாக்டர் எனக்கு உப்பை முழுக்க நிறுத்திவிட்டார். உப்பு உடம்பில் தண்ணீரைக் கட்டிவைக்குமாம், கை கால் வீங்குவதற்கு அதுவும் ஒரு காரணமாம். நிறுத்தியதில் வீக்கம் கொஞ்சம் வடிந்திருக்கிறது. இதை எழுதும்போதுதான் எனக்குத் தோன்றியது.

அம்மா, நீ தினமும் என்ன சாப்பிடுகிறாய்?

சுண்டெலி


ஜூலை 22

என் கெட்டிக்காரச் சுண்டெலிக்கு,

உன் கடைசி வரியைப் படித்துவிட்டு எதிரே இருந்த கடலைத் தட்டைப் பார்த்தேன். தட்டு என்னைப் பார்த்தது.

சாப்பாட்டிலும் உப்பு தூக்கல்தான் இங்கே. நான் முதலாளியம்மாவுக்கு நாக்கில் ருசி போய்விட்டது போல என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அன்று மத்தியானம் சோறு கொண்டுவந்தபோது சும்மா விளையாட்டாகக் கேட்பது போலக் கேட்டேன்.

"ஏம்மா, உங்க வீட்டுல உப்பு சும்மாவே கெடைக்குதா?"

அவர்கள் தட்டை வைத்த கையை எடுக்கவில்லை. என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்கள். "அவருதான் கொஞ்சம் தூக்கலாப் போடச் சொன்னாரு. வாங்குறவங்க வந்து பாக்குற வரைக்குந்தானேன்னாரு. எனக்கு அது எதுக்குன்னு தெரியாது."

"தெரியாமயா தலையைக் குனியுறீங்க?"

அவர்கள் வாசல் பக்கம் பார்த்துவிட்டு, "நான் இந்தக் கடைக்கும் மேல வீட்டுக்கும் நடுவுல இருக்கிற படியை விட்டு எறங்கி வருஷமாச்சு தெரியுமா?" என்றார்கள். எனக்கு அதற்குமேல் கேலி பண்ண வரவில்லை.

அன்றிலிருந்து எனக்கு வயிற்று வலி. நம்பாதே, வலியெல்லாம் இல்லை, முதலாளிக்குச் சொன்னது. ரொட்டியும் பழமும்தான் ஒத்துக்கொள்கிறது என்று சொல்லிவிட்டேன். கடலையைச் சேலை மடிப்பில் போட்டு காவல்காரருக்குக் கொடுத்துவிடுகிறேன். மனுஷருக்கு இப்போது கால் வீங்கி, செருப்பு இறுக்குகிறது என்று புகார். படுக்கும்போது ஒரு துணியால் கையை ஜன்னல் கம்பியில் தூக்கிக் கட்டிக்கொள்கிறேன், நீர் இறங்கட்டும் என்று. காலையில் கை விறைத்து மரக்கட்டை மாதிரி இருக்கிறது. கட்டிக்கொண்டு படுத்திருக்கும்போது ஒன்று நினைத்தேன். பூட்டினவனுக்கு நான் உள்ளே இருக்கிறேன் என்பது தெரியும். நானே என்னைக் கம்பியில் கட்டிக்கொண்டிருப்பது தெரியாது. அது என் கட்டு.

சம்பந்தி அம்மாவா தபால்காரனுக்காக நிற்கிறார்கள்? வெயிலில் நிற்க வேண்டாம் என்று சொல். சும்மா சொல்லாதே, நான் சொன்னதாகச் சொல். இரண்டு நாள் தூங்க மாட்டார்கள்.

மோதிரம் இன்னும் கணுவைத் தாண்டவில்லை. ஆனால் இன்று காலை திருகிப் பார்த்தேன். சுற்றுகிறது.

அம்மா


ஜூலை 29

அம்மா,

டாக்டர் ஆகஸ்டு நடு வரைக்கும் காத்திருக்க முடியாது என்கிறார். அழுத்தம் ஏறிக்கொண்டே போகிறது. அடுத்த வாரம் ஆஸ்பத்திரியில் சேர்ந்துவிட வேண்டும். ஐந்தாம் தேதி எடுத்துவிடலாம் என்கிறார்கள்.

அதே ஆஸ்பத்திரி. அதே தாழ்வாரம். ஒரு பச்சை பெஞ்சு இருக்கும், உனக்கு ஞாபகம் இருக்கும், போன தடவை நீ அதில்தான் உட்கார்ந்திருந்தாய், எல்லாம் முடிந்த பிறகு. நான் உள்ளே போகும்போது அந்த பெஞ்சில் நீ இருக்க வேண்டும். எனக்கு வேறு எதுவும் வேண்டாம். என்ன எழுதுவது என்று தெரியவில்லை. பயமாக இருக்கிறது.

வா.

சுண்டெலி


ஆகஸ்டு 4, ரயிலில்

என் சுண்டெலிக்கு,

இந்தக் கடிதத்தைத் தபாலில் போடப் போவதில்லை. கையிலேயே கொண்டுவந்து தருகிறேன். ரயில் குலுக்குகிற குலுக்கில் எழுத்து இப்படித்தான் வரும். எதிரே உட்கார்ந்திருக்கிறவர் நான் எழுதுவதை எட்டி எட்டிப் பார்க்கிறார். பார்க்கட்டும், முதலாளியே படித்த குடும்பம் நம்முடையது.

மோதிரம் நாலு நாளைக்கு முன்னாலேயே கழன்றுவிட்டது. விடிந்ததும் கம்பியிலிருந்து கையை அவிழ்த்தேன், மடியில் விழுந்தது. சத்தமே இல்லை. நான்தான் சத்தம் போடாமல் இருக்க வாயைப் பொத்திக்கொண்டேன். உடனே கொண்டுபோய்க் கொடுத்திருந்தால் என்ன ஆகும் என்று யோசித்தேன். "போடு திரும்ப" என்பார். அந்த அம்மாள் அதே கையில்தானே பார்க்க வேண்டும் என்று எழுதியிருக்கிறார். நானே போட்டுக்கொண்டு, விரலைக் கொஞ்சம் மடக்கி வைத்துக்கொண்டு, ஒன்றும் தெரியாதவள் மாதிரி மெத்தையில் கையை வைத்து உட்கார்ந்துவிட்டேன். மாட்டிக்கொண்டிருக்கும்போதுகூட இவ்வளவு வலிக்கவில்லை. கழலும் என்று தெரிந்த பிறகு அதைப் போட்டுக்கொண்டிருந்த நாள்தான் நீளம்.

இன்றுதான் அந்த அம்மாள் ஊருக்கு வந்து இறங்குகிற நாள். முதலாளி தலைக்குச் சாயம் பூசிக்கொண்டு வந்திருந்தார். ஷட்டர் முழுசாகத் திறந்தாச்சு. வெல்வெட்டைத் தட்டினார், பல்பைத் துடைத்தார், போய் மணியைப் பார்த்தார், வந்து கடலை கொறித்தார். இந்த ரெண்டு மாசமாக எனக்கு என்று வருகிற தட்டில் முக்கால்வாசி அவர் வயிற்றுக்குத்தான் போயிருக்கிறது. நான் என் பையைக் காலடியில் எடுத்து வைத்திருந்தேன். எப்போது என்று மட்டும் தெரியாது.

போன் அடித்தது. அவர் எடுக்கப் போகிற நேரம் பார்த்து, "மொதலாளி, கழண்டுடுச்சு" என்று மோதிரத்தை நீட்டினேன்.

அவர் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். பிடுங்கினார். லென்ஸைக் கண்ணில் வைத்துக் கல் எல்லாம் இருக்கிறதா என்று ஒரு சுற்று பார்த்தார். போன் அடித்துக்கொண்டே இருக்கிறது. ஒரு கையில் லென்ஸ், ஒரு கையில் மோதிரம், போனை எதால் எடுப்பார்? எப்போதும் செய்கிறதைச் செய்தார். மோதிரத்தைச் சுண்டுவிரல் நுனியில் மாட்டிக்கொண்டு போனை எடுத்தார்.

"வந்துட்டீங்களா? நல்லதுங்க, நல்லதுங்க."

நான் பக்கத்தில் போய், "விழுந்துடப் போகுது மொதலாளி" என்று அந்த விரலைப் பிடித்து அக்கறையாக உள்ளே ஒரு தள்ளு தள்ளினேன். கணுவைத் தாண்டிப் போய் உட்கார்ந்துவிட்டது. இந்தக் கைக்குத்தான் தரை துடைத்துத் துடைத்துப் பலம் இருக்கிறதே.

"ரெடியா இருக்குங்க" என்கிறார் போனில். "ஆமாங்க, கையிலேயே இருக்குங்க."

நான் பையை எடுத்தேன். போனைக் காதில் வைத்துக்கொண்டே கண்ணை உருட்டினார், விரலைச் சொடுக்கினார், உட்கார் என்று சைகை காட்டினார். அந்த அம்மாளிடம் பேசிக்கொண்டே என்னைத் திட்ட முடியுமா? அந்த நேரம் முதலாளியம்மா படியில் இறங்கி வந்தார்கள். கையில் கடலைத் தட்டு. என்னைப் பார்த்தார்கள், என் வெறும் விரலைப் பார்த்தார்கள், அவர் சுண்டுவிரலைப் பார்த்தார்கள். தட்டைக் கொண்டுபோய் அவர் முன்னால் வைத்துவிட்டு, எனக்கும் ஷட்டருக்கும் குறுக்கே இருந்த நாற்காலியை எடுத்து ஓரமாகப் போட்டார்கள். நான் அவர்களையும் வாருங்கள் என்று கண்ணால் கூப்பிட்டேன். மாட்டேன் என்று தலையை மட்டும் ஆட்டினார்கள். அதுதான் இன்னும் மனசில் இருக்கிறது.

தெருவுக்கு வந்தபோது காலே தரையில் பாவவில்லை. காவல்காரர் சல்யூட் வைத்தார். திருடி என்று எவனாவது கூப்பிட்டால் திரும்பி நின்று ரெண்டு கையையும் விரித்துக் காட்டலாம் என்று மெதுவாகத்தான் நடந்தேன். யாரும் கூப்பிடவில்லை. பின்னால் கடைக்குள்ளிருந்து, "அந்த சோப்பு எங்கடி?" என்று மட்டும் கேட்டது.

இனி அந்த அம்மாள் வந்து அதே மோதிரத்தை முதலாளி கையில் பார்க்கட்டும். அந்தக் கையில் அது தூங்கும். அது என்ன ஆனால் எனக்கு என்ன? ஒன்று மட்டும் சொல்கிறேன். அந்தக் கல் மேல் எனக்குக் கோபம் இல்லை. எந்தக் காலத்திலோ ஒருத்தன் விளக்கு முன்னால் உட்கார்ந்து கண்ணைக் கொடுத்துத் தீட்டினது. அவன் யாரையும் பூட்டிவைப்பதற்காகவா தீட்டியிருப்பான்?

விரலில் மோதிரம் இருந்த இடம் சுற்றிலும் வெளுத்துக் கிடக்கிறது. சோப்புக்கும் வெயிலுக்கும் சீக்கிரம் கறுத்துவிடும்.

ரயில் விடிவதற்குள் வந்துவிடும். அங்கிருந்து ஆஸ்பத்திரிக்கு நடந்தே வந்துவிடலாம் என்கிறார் எதிர் சீட்டுக்காரர், அவர்தான் முழுசும் படித்துவிட்டாரே. நீ கண் விழிக்கிறபோது நான் பச்சை பெஞ்சில் இருப்பேன். சம்பந்தி அம்மா எனக்கு முன்னாலேயே வந்து அதில் இடம் பிடித்திருப்பார்கள் என்று நினைக்கிறேன். கொஞ்சம் நகரச் சொல்லி உட்கார்ந்துகொள்கிறேன். வழக்கம்போல என் கையைத்தான் முதலில் பார்ப்பார்கள். "வெறுங்கையோடயா வந்தீங்க?" என்று அவர்கள் கேட்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டே வருகிறேன்.

ஆமாம் சம்பந்தி, இந்தத் தடவை வெறுங்கையோடு வருவதற்குள் எனக்கு உயிர் போய் உயிர் வந்தது என்று சொல்லப் போகிறேன்.

அம்மா